மாஸ்டர் நிறுத்தச் சொல்லும் இடங்கள்

“இங்க ஒரு தடவ நிறுத்திடுங்க,” என்கிறார் மாஸ்டர். முன்னால் வண்டி இல்லை, குறுக்கே ஆள் இல்லை, வேகத்தடையும் இல்லை. ஒரு செருப்புக் கடை, அதன் எதிரே ஒரு சாக்கடை, அவ்வளவுதான். நான் பிரேக்கை மிதிக்கிறேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நிற்கிறது. மாஸ்டர் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ம், கால எடுங்க. மெதுவா, மெதுவா,” என்கிறார்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது இவர் தொழில். இருபத்திரண்டு வருடமாக இந்த ஒரு சொல்லைச் சொல்லிச் சொல்லி, ‘மெதுவா மாஸ்டர்’ என்பதே பேராகிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பிஸ்கட் இருக்கும். பசிக்கு என்பார். அவர் தின்று நான் பார்த்ததில்லை.

அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு, என்னைப் போன்ற ஆட்களிடமிருந்து ஊரைக் காப்பாற்ற. அதை அவர் தொடுவதில்லை. உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களைச் சீட்டுக்கு அடியில் இழுத்துக்கொள்வார். ஒருமுறை ஒரு காய்கறி வண்டியைப் பார்த்து நான் நேராகப் போனபோதுகூட, “மெதுவா” என்றாரே தவிர, கால் அசையவில்லை. “அதத் தொட்டா நான் சொல்லிக்குடுத்தது சரியில்லன்னு அர்த்தம்,” என்பது அவர் கணக்கு.

நிறுத்தச் சொல்லும் இடங்கள் மொத்தம் மூன்று. செருப்புக் கடை, தண்ணீர்த் தொட்டி, மரக்கடைச் சந்து. பள்ளிக்கூடமா, திருப்பமா, பள்ளமா என்று நானும் துப்பறிந்து பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அவரிடமே கேட்டேன்.

“பிரேக் பழகத்தாங்க.”

“தினமும் அதே எடத்துலயா?”

“பழகின எடத்துலதான் நல்லாப் பழகும்.” இதற்கு மேல் அவரிடம் பெயராது.

அலுவலக அறையில் விண்ணப்பம் நிரப்பித் தருபவர் அவர் மனைவி. எல்லோருக்கும் அக்கா. அவர்தான் சிரித்துக்கொண்டே உடைத்தார். “அவர் சொல்ல மாட்டாரும்மா. சொன்னா அழுதுடுவார். அதெல்லாம் நாய் கெடச்ச எடம். அடிபட்டுக் கெடக்கும், யாராவது விட்டுட்டுப் போயிருப்பாங்க. இவர் தூக்கிட்டு வந்துடுவார். அது செத்துப்போன மறுநாள்லேந்து, அது கெடச்ச எடத்துல வண்டிய நிறுத்தச் சொல்லுவார்.”

பேர் வைப்பதில் மட்டும் மாஸ்டருக்குச் சிக்கனம். வண்டியில் என்ன இருக்கிறதோ அதுதான். சாக்கடையில் கிடைத்தது ஹாரன். பதினோரு வருடத்தில் இரண்டே தடவை குரைத்ததாம். தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடைத்தது வைப்பர், வாலை வைத்து வந்த பேர். மரக்கடைச் சந்தில் கிடைத்தது கிளட்ச். “கவ்வினா விடாது. என் செருப்புல பாதி அதுக்குத்தான் போச்சு,” என்றார் அக்கா. குறை சொல்லும் குரலில்தான் ஆரம்பித்தார், முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினார்.

அதற்குப் பிறகு ஒருநாள் டாக்சியில் போனேன். செருப்புக் கடை எதிரே வண்டி வேகம் குறைந்தது. ஏன் என்று கேட்டேன். “தெரியலங்க, இங்க வந்தா கால் தானாப் போகுது,” என்றார் டிரைவர். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டுமா?

கடைசியாக வந்தது நியூட்ரல். கிழட்டு நாய். “எந்த கியர்லயும் போகாது” என்பதால் அந்தப் பேர். நாலு வருடம் பின்சீட்டில் படுத்தபடியே அத்தனை பேருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தது. நான் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு செத்துப்போனது. பின்சீட்டில் அதன் முடி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாஸ்டர் துடைக்க விடுவதில்லை.

ஆனால் நியூட்ரலுக்கு மட்டும் இன்னும் வண்டி நிற்கவில்லை. அது கிடைத்தது பூட்டிக்கிடக்கும் ஐஸ் கிடங்கின் கேட்டில். அது செத்ததிலிருந்து அந்தத் தெருப் பக்கமே மாஸ்டர் போவதில்லை, ஊரைச் சுற்றி வேறு வழியில் கூட்டிப்போவார். லைசென்ஸ் டெஸ்ட்டோ அந்தத் தெரு வழியாகத்தான். கேட்டைத் தாண்டியதும் ஒரு வளைவு, உடனே மேடு.

என் டெஸ்ட்டுக்கு முந்தின நாள் அக்கா பொறுமை இழந்தார். “ரெண்டு மாசத்துல மூணு பேரு அதே மேட்டுல பின்னாடி உருண்டுட்டாங்க. அதுல ஒரு நர்ஸ் பொண்ணுக்குக் கெடைக்க இருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுற வேலையே போச்சு. அவங்க மேலயா தப்பு? நாளைக்கு இவங்களும் உருளணுமா, சொல்லுங்க!”

மாஸ்டர் எழுந்தார். சாவியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

பாதி வழியில் அவராகவே ஆரம்பித்தார். “மூணு நாளு அது அந்த கேட்டுல கட்டிக் கெடந்துச்சுங்க. மூணு நாளும் அந்தத் தெருவுலதான் பாடம் நடத்தினேன். யார் வீட்டு நாயோன்னு தாண்டிப் போயிட்டேன். நாலாவது நாள்தான் எறங்கிப் பாத்தேன். கயிறு கழுத்துக்குள்ள போயிருந்துச்சு.” சட்டைப் பையிலிருந்த பிஸ்கட்டைத் தடவிக்கொண்டார். “அது பின்னாடி படுத்திருந்த வரைக்கும் அந்தத் தெருவுல தைரியமாப் போவேன். மூணு நாளும் பிரேக் என் காலடியிலதாங்க இருந்துச்சு.”

 கியரை மட்டும் ஒழுங்காக மாற்றினேன்.

கேட் வந்தது. துருப்பிடித்த கம்பியில் ஒரு முழக் கயிறு இன்னும் தொங்கியது. சொல்வார், நிறுத்தலாம் என்று நான் காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நான் மிதிக்காமலேயே வண்டி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது.

மறுபடி ஸ்டார்ட் செய்து கிளட்சை விட்டேன். வண்டி நடுங்கியதே தவிர நகரவில்லை. பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. குனிந்து பார்த்தேன். மாஸ்டரின் வெறுங்கால் அந்த இரண்டாவது பிரேக்கை அடிவரை மிதித்திருந்தது. அவர் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேன்காரன் விடாமல் அடித்தான். நான் அவசரப்படவில்லை. அடங்கும் வரை இருந்துவிட்டு, “மாஸ்டர், கால எடுங்க,” என்றேன். “மெதுவா.”

அவர் எடுத்தார். பாதம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து பின்வாங்கியது. பெருவிரல்தான் கடைசியில் விட்டது.