சாய்த்துப் பார்த்தவர்

திரை இருண்டதும் கணினியே பாழானதென எண்ணி வீசிவிடுவோர் பலர் உளராதலின், இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தல் என் கடனாகிறது.

என் பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தின் புதிய பதிப்பை ஏற்றியதும் திரை முற்றும் கறுத்தது. அச்சுக்குச் செல்லவேண்டிய என் அகரமுதலி அதனுள் இருந்தது. வேறு படி இல்லை. திண்டுக்கல்லில் கணினிக் கடை நடத்திவந்த நெசவூரான சின்னாளப்பட்டியைச் சேர்ந்த அம்மையார் ஒருவரிடம் கொண்டுசென்றேன். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருப்பார். நெசவாளர் சேலையில் இழைப்பழுது தேடுவதுபோல் எப்பொருளையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்.

“எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றவேண்டுமென்று வேறொரு கடையில் கூறினார்கள், அம்மா.”

“செத்த நேரம் பொறுங்கய்யா. அம்புட்டு அவசரம் என்னத்துக்கு?”

கைவிளக்கைத் திரைமீது சரிவாகப் பிடித்தார். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன.

“பாருங்க, படம் இருக்கு. பின்னாடி வெளக்குதான் எரியல. லினக்ஸு வெளிச்சத்தச் சுத்தமாக் கொறச்சு வச்சிருக்கு.”

அந்த மங்கலிலேயே படித்து ஒரு கட்டளையைத் தட்டினார். திரை ஒளிர்ந்தது, அகரமுதலி அப்படியே இருந்தது. அதன்பின்னும் அவர் திரையைச் சாய்த்தே நோக்கிக்கொண்டிருந்தார்.

“ஒளிதான் வந்துவிட்டதே, இன்னும் ஏன்?” என்றேன்.

“நேராப் பாத்தா எல்லாச் சேலையும் நல்ல சேலைதான்யா.”

அவர் தேடிய பழுது யாதென இன்றும் அறியேன். இக்குறிப்பையும் சற்றே சாய்த்துப் பார்த்து, பிழை கண்டோர் திருத்தி உதவுக.