இடப்பக்கமாகச் சுற்றியவர்

என் சட்டைப் பையில் ஒரு சிவப்பு ரிப்பன் இருக்கிறது. இரண்டு சாண் நீளம், இரண்டு விரல் அகலம். அதன் நடுவே வெள்ளை நூலில் ‘எடுத்தாச்சா’ என்று தைத்திருக்கும். ஒரு முனையில் துணி உருண்டை ஒன்று ஊசிநூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கிறது. ஓடாமல் நிற்கும் காரின் புகைக்குழாயில் எலி புகாமல் இருக்க அந்த உருண்டையைச் சொருகிவிட்டு, ரிப்பனை வெளியே தொங்கவிடுவார், விமானப்படையிலிருந்து ஓய்வு பெற்ற எங்கள் விங் கமாண்டர். பார்ப்பவர்கள் கண் திருஷ்டிக்கு என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் திருத்தியதில்லை.

அவர் இறந்த பதினோராம் நாள் எங்கள் குடியிருப்பில் ஓர் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். விண்ணில் கலந்துவிட்டார் என்றார் ஒருவர். சிறகு விரித்துப் பறந்துவிட்டார் என்றார் சங்கத்தின் பொருளாளர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் விமானம் ஓட்டிய அந்த மனிதர் ஒருநாளும் சிறகு, வானம் என்றெல்லாம் பேசிக் கேட்டதில்லை. “ஏறறது யாரு வேணா ஏறலாம்ப்பா, எறங்கறதுதான் வேலை” என்பார். அவரைப் பற்றி நாலு வார்த்தை பேசச் சொல்லி மைக்கை என்னிடம் நீட்டினார்கள். எனக்கு மைக் ஒத்துவராது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். அன்று சொல்லாததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் விமானப்படையில் தரைப் பணியாளனாக இருந்தவன். விமானத்தை ஓட்டுகிறவர்கள் வேறு, அதைத் துடைத்து, முடுக்கி, சரிபார்த்து, ‘பறக்கத் தகுதி’ என்று படிவத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் வேறு. நான் இரண்டாவது வகை. எனக்கு அப்போது இருபத்தோரு வயது. அவர் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர், ஆனால் அதிகாரி. இடையில் இருந்தது ஐந்து வயது அல்ல, பெரிய மதில். அவர் கோயம்புத்தூர்ப் பக்கம், நான் திருநெல்வேலிப் பக்கம். அந்த விமான தளத்தில் தமிழ் பேச வேறு ஆள் இல்லாதபோதும் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான்.

ஒருநாள் காலை அவருடைய விமானத்தைத் தயார் செய்தேன். விமானத்தின் மூக்கருகே விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். எதிர்க்காற்றை அது வாங்கினால்தான் உள்ளே வேகமானி சரியாக ஓடும். தரையில் நிற்கும்போது பூச்சி புகாமலிருக்க அதற்கு உறை போட்டுச் சிவப்பு ரிப்பன் தொங்கவிடுவார்கள். பறப்பதற்கு முன் அதைக் கழற்ற வேண்டும். அன்று நான் கழற்றவில்லை. முந்தைய நாள் ஊரிலிருந்து வந்த கடிதத்தில் மனம் இருந்தது. பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். அவர் வழக்கம்போல விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடது பக்கம் ஏணியருகே தொடங்கி, வால், வலது இறக்கை, கடைசியில் மூக்கு. மூக்கருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். திட்டவில்லை. உறையைக் கழற்றி உயர்த்திக் காட்டச் சொன்னார். காட்டினேன். கட்டைவிரலைத் தூக்கிவிட்டு ஏறிப் போனார்.

திரும்பி வந்ததும் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஏழு நாள் தண்டனை. நாங்கள் தங்கும் பாரக்கில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நான் அந்த மனிதரை மனதார வைதேன். எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினால், தன் விமானத்துக்கு என்னைத்தான் போட வேண்டும் என்று அவரே கேட்டு வாங்கியிருந்தார். முதன்முதலாக என்னிடம் தமிழில் பேசினார். “நீ மறந்தே. நான் பார்த்தேன். அதுக்குத்தானப்பா ரெண்டு பேரு.” அதற்குப் பிறகு பணியில் இருந்த அத்தனை ஆண்டுகளிலும் பார்க்காமல் எதிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

பிறகு ஆளுக்கொரு ஊராக மாற்றலாகிப் போய்விட்டோம். ஓய்வு பெற்றபின் தெலுங்கு மாநிலத்தில், பேகம்பேட்டில் ஓர் அலுவலகத்தில் பராமரிப்பு மேற்பார்வையாளனாக இருந்தேன். ஒருநாள் அங்கே பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தவனை ஒரு சின்ன வெள்ளைக் கார் உரசுகிற மாதிரி வந்து நின்று, “ஏப்பா, உறையைக் கழட்டிட்டியா” என்று கேட்டது. அடுத்த ஆண்டே ஏ.எஸ்.ராவ் நகரில் அவர் இருந்த குடியிருப்பில் நானும் ஒரு வீடு வாங்கினேன். அவர் மனைவியை நான் மேடம் என்றுதான் அழைத்தேன். அதிகாரியின் மனைவியை வேறு எப்படி அழைப்பது? அந்த அம்மாள் என்னை அண்ணா என்றார். பதினெட்டு ஆண்டுகள் நாங்கள் இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் காரை அவர் எடுக்கும்போதெல்லாம், விமானத்துக்குப் போலவே ஒரு சுற்று உண்டு. பால் வாங்கப் போனாலும் உண்டு. ஓட்டுநர் கதவில் தொடங்கி, வண்டியை வலம் வருவதற்கு பதில் இடம் வருவார். கோயிலில் யாரும் அப்படிச் சுற்ற மாட்டார்கள். சாவு வீட்டில்தான் அந்தப் பக்கமாகச் சுற்றுவது. குடியிருப்பில் இருந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களுக்கும் அது கண்ணை உறுத்தியது. அவர் மனைவிக்குத்தான் மிகவும் உறுத்தியது. காலங்கார்த்தாலே அபசகுனம் என்று மாடியிலிருந்து சத்தம் போடுவார். காவல்காரருக்குக்கூடத் தாங்கவில்லை. “கைக்கு சாப், உல்டா கூம்ரே?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார். ஏன் ஐயா தலைகீழாகச் சுற்றுகிறீர்கள் என்று. விமானம் ஏன் பின்னால் போகாதோ அதற்குத்தான் என்று அவர் இந்தியில் சொன்ன பதில் அந்தக் காவல்காரருக்கு இன்றுவரை புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. புகைக்குழாய் ரிப்பனில் ‘எடுத்தாச்சா’ என்று தைத்துக் கொடுத்தது மட்டும் அந்த அம்மாள்தான். சுற்றுவதைத் தடுக்க முடியாது, எடுக்க மறப்பதையாவது தடுக்கலாம் என்றார்.

சென்ற ஆண்டு அவருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். இரண்டு சுற்றுச் சிகிச்சையில் ஆள் பாதியானார். வண்டி ஓட்டவே கூடாது என்றார் மருத்துவர். அமெரிக்காவில் இருக்கும் மகன் தொலைபேசியில் அம்மாவிடம் சாவியை ஒளித்துவைக்கச் சொன்னான். அந்த அம்மாள் அதை அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்தார். அவர் சாவியைக் கேட்கவில்லை. ஆனால் தினமும் காலையில் கைத்தடியோடு கீழே இறங்கி வந்து, நின்றுபோன காரை இடப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முன்பு ஒரு நிமிடத்தில் முடிந்தது, இப்போது பத்து நிமிடம் ஆயிற்று. நடுவே இரண்டு முறை வண்டிமேல் சாய்ந்துகொள்வார். யாராவது கைகொடுக்க வந்தால் முறைப்பார்.

இனிமேல் சொல்ல வருவது எனக்குப் பெருமை தருவது அல்ல. அப்போது சங்கச் செயலாளர் நான். வண்டி நிறுத்த இடம் போதவில்லை என்று பொருளாளர், ஓடாமல் கிடக்கும் வண்டிகளின் பட்டியல் ஒன்றைத் தயார் செய்து கொண்டுவந்தார். ‘டெட் வெஹிகிள்ஸ்’ என்று தலைப்பு. ஏழு நாளில் அப்புறப்படுத்தாவிட்டால் சங்கமே இழுத்துப் போட்டுவிடும். எட்டு வண்டிகளின் எண்கள் இருந்தன. பேத்தியைப் பேருந்தில் ஏற்ற நேரமாயிற்று. படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் காலை அவர் சுற்ற வந்தபோது அந்த நோட்டீஸ் காரின் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. செத்த வண்டி. கீழே என் பெயர்.

காவல்காரர் வந்து சொன்னதும் ஓடினேன். அவர் அந்தக் காகிதத்தைப் படித்து முடித்து, காரின்மேல் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, உன்னுதா என்று கேட்டார். ஆமாம் சார் என்றேன். பார்த்துட்டுப் போட்டியா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் வைதிருந்தால் தேவலை. அந்தக் காகிதம் காரைப் பற்றியது அல்ல என்று எங்கள் இருவருக்கும் தெரியும். மூச்சு இருக்கும்போதே ஒரு மனிதரைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள், எடுத்தவன் நான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவருக்கு அது பிடிக்காது, தெரிந்தும் அடக்க முடியவில்லை.

“நீ மறந்தே. நான் பார்த்தேன்” என்றார். சற்று மூச்சு வாங்கினார். “அப்பறம் என்னப்பா அழுகை? ஓட வெச்சுக் காட்டுவோம்.”

பொருளாளரிடம் போய் என் கையெழுத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்றேன். குழு முடிவு, தனி ஒருவர் மாற்ற முடியாது என்றார். வண்டி ஓடினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம், அவ்வளவுதான். அவர் கெட்டவர் அல்ல, விதியைப் பிடித்துத் தொங்குகிறவர். ஓடும் என்றேன். எழுபத்தோரு வயதில் ஆறு நாள் அந்தக் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். புது பேட்டரி போட்டேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன், எலி கடித்த ஒயர்களை மாற்றினேன். விங் கமாண்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் காட்டச் சொல்லிப் பார்த்தார். ஆறாம் நாள் மாலை, சாவி இல்லாமலே ஒயரோடு ஒயரை இணைத்துப் பார்த்ததும் எஞ்சின் உறுமியது.

ஏழாம் நாள் ஞாயிறு. சங்கக் கூட்டம் கீழே கார் நிறுத்தத்தின் நிழலிலேயே நடந்துகொண்டிருந்தது. அவர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். சாவி இல்லையே என்று நான் முழித்தபோது பின்னாலேயே அவர் மனைவி இறங்கி வந்தார். கையில் சாவி, சாவியில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது. மகன் சொன்னது, மருத்துவர் சொன்னது எதையும் அந்த அம்மாள் பேசவில்லை. சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார்.

அவர் இடப்பக்கமாகச் சுற்றி வந்தார். எத்தனை நிமிடம் என்று நான் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்தார். நான் புகைக்குழாயிலிருந்து உருண்டையைப் பிடுங்கி, வண்டிக்கு முன்னால் போய் நின்று, ரிப்பன் தொங்கத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டினேன். கட்டைவிரல் எழுந்தது. கட்டடத்தைச் சுற்றி மூன்று முறை வந்தார். அதுவும் இடப்பக்கமாகத்தான். மூன்றாவது சுற்றில் பொருளாளருக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, எந்த வண்டி செத்தது என்று மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் விசாரித்தார். கையோடு இருந்த பட்டியலில் பொருளாளர் அந்த எண்ணை அடித்தார். நான் பக்கத்தில் நின்று, அடித்ததைப் பார்த்துவிட்டு, அதன்மேல் கையெழுத்துப் போட்டேன்.

பத்தொன்பது நாள் கழித்து இறந்தார். அமைதியாக இறந்தார் என்று செய்தித்தாளில் போட்டார்கள். அது பொய். முந்தைய நாள்வரை செவிலியரோடு சண்டை, கஞ்சியோடு சண்டை, படுக்கையோடு சண்டை. மயானத்துக்குப் பெண்கள் வரக் கூடாது என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னதைக் காதில் வாங்காமல் அந்த அம்மாளும் வண்டியில் ஏறினார். மகன் தோளில் பானையோடு நின்றான். இடப்பக்கமாகச் சுற்றி வாங்க என்றார் சடங்கு செய்துவைத்தவர். மகன் சுற்றினான், மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். என்னருகே நின்ற அந்த அம்மாள் மெல்லச் சொன்னார். “பாருங்கண்ணா, கடைசீல எல்லாரையும் அவரு பக்கமாவே சுத்த வெச்சுட்டாரு.” அழுதுகொண்டேதான் சொன்னார், ஆனால் குரலில் ஒரு திமிர் இருந்தது. எனக்கு அது அப்போது வேண்டியிருந்தது.

இரங்கல் கூட்டம் முடிந்த மறுவாரமே பொருளாளர் அந்த அம்மாளைப் பார்க்க வந்தார். ஓட்ட ஆளில்லாத வண்டிதானே, விற்றுவிட்டால் இடம் காலியாகும் என்று பக்குவமாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கார் ஓட்டப் பழக வேண்டும், எங்கே மனுப் போட வேண்டும் என்று கேட்டார். அறுபத்தெட்டு வயது. மேடம், யோசித்துக்கொள்ளுங்கள் என்றேன். மேடம் கீடம் என்று இன்னொரு தரம் சொன்னால் பின்சீட்டில்தான் உட்கார வேண்டியிருக்கும் என்றார். பழகுநர் உரிமம் சென்ற மாதம் வந்துவிட்டது. காரின் முன்னும் பின்னும் சிவப்பில் ‘எல்’ எழுத்து ஒட்டியிருக்கிறோம்.

இன்று காலையும் கீழே இறங்கினோம். நான் அவரைப் போலவே ஓட்டுநர் கதவில் தொடங்கி இடப்பக்கமாகப் போனேன். அந்த அம்மாள் அது தன்னால் ஆகாது, கோயிலில் சுற்றுகிற மாதிரிதான் சுற்றுவேன் என்று எதிர்ப்பக்கமாகப் போனார். இருவரும் வண்டியின் மறுபக்கத்தில் முட்டிக்கொண்டோம். விலகி நடந்ததும், நான் கடந்து வந்த முன்பக்கத்து டயர் ஒன்றில் ஆணி இருப்பதாகச் சொன்னார். போய்ப் பார்த்தேன், இருந்தது. வெளிச்சம் அந்தப் பக்கமிருந்து அடித்ததால் நான் வரும்போது தெரிந்திருக்கவில்லை. ‘நான் பார்த்தேன்’ என்ற அவருடைய வாக்கியத்தை யார் சொல்வது என்று இருவரும் ஒரு கணம் தயங்கி, இருவருமே சொல்லவில்லை.

டயரை மாற்றினேன். அந்த அம்மாள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். நான் உருண்டையைப் பிடுங்கிக்கொண்டு வண்டிக்கு முன்னால் போனேன். எதிரே செய்தித்தாளோடு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பொருளாளர் எங்களைப் பார்த்துவிட்டு, எழுந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தூண் பக்கம் நகர்ந்தார். ரிப்பனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்தேன். ‘எடுத்தாச்சா’ என்ற எழுத்து அந்த அம்மாளைப் பார்த்து இருக்கும்படி திருப்பினேன். தான் தைத்ததைத் தானே ஒருமுறை படித்தார். கட்டைவிரலைத் தூக்கினார்.