கதவைத் திறந்தவரின் நிறம்

கதவு தட்டி வாக்குக் கேட்கிற வேலையில் மழையைத் தாங்கலாம், நாயைத் தாங்கலாம், ‘இந்த வீட்டுக்காரர் எங்களுக்குத்தான் போடுவார்’ என்கிற நம்பிக்கையைத்தான் தாங்க முடியாது.

அநியாயத்துக்கு ஆளானவரின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சிவநேசன் அங்கிள். லண்டன் ஃபாரஸ்ட் கேட்டில் கல்யாணம், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு எல்லாவற்றுக்கும் மேடை அலங்காரம் செய்கிறவர். அவரை நான் நடுத்தெருவில், நாலு பேர் பார்க்க, ‘துரோகி’ என்றேன். மற்றக் கட்சியின் துண்டுப்பிரசுரம் அவர் கையில் இருந்தது, அவ்வளவுதான் குற்றம். யூனிவர்சிட்டியில் அரசியல் படிக்கிறேன், வாதாடக் கிடைத்தால் சோறு வேண்டாம் என்பதெல்லாம் சாட்டு அல்ல. ஆனால் நீங்களும் ஏதாவதொரு கட்சிக்காகக் கதவு தட்டிக் கால் நொந்தவராயிருந்தால், நான் அந்த இடத்துக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பது உங்களுக்காவது விளங்கும்.

நீளமான பெயர்கள்

எங்கள் குழுவுக்குப் பொறுப்பு ஹானா. வெள்ளைக்காரி, நல்ல மனசுக்காரி, எல்லாருக்கும் பிஸ்கட் கொண்டுவருவாள். முதல் நாளே தெருவைப் பிரித்துத் தந்தபோது, வாக்காளர் பட்டியலில் நீளமான பெயருள்ள வீடுகளையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டாள். “உன்னுடைய ஆட்கள்தானே, சுகமான வேலை” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிறத்தைப் பார்த்து வாக்கை ஊகிப்பது எவ்வளவு பெரிய அவமதிப்பு என்று அவளுக்கு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். பாவம், பிஸ்கட் டின்னைத் திறந்தபடியே கேட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு போய் முதல் நீளப் பெயரின் கதவைத் தட்டினேன். கறுத்த மீசையோடு ஒருவர் திறந்தார். நான் கை கூப்பி, வணக்கம் சொல்லி, அப்பா அம்மாவின் ஊர் வரைக்கும் தமிழில் சொல்லி முடித்தேன். அவர் கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “நான் கிரேக்கன், மகளே. ஆனால் இவ்வளவு மரியாதையோடு ஒரு கட்சியும் இந்தப் படி ஏறினதில்லை.”

ஓம் சொல்லுகிற வீடு

அடுத்த வீடு உண்மையாகவே எங்கள் ஆட்கள். யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர், உள்ளே வரச்சொல்லிக் கதிரை இழுத்துப் போட்டார். பஸ் கட்டணம் பற்றிச் சொன்னேன், தலையாட்டி “ஓம்” என்றார். வீட்டு வாடகை பற்றிச் சொன்னேன், “ஓம், ஓம்” என்றார். எங்களுக்குத்தானே போடுவீர்கள் என்றேன், “வேற ஆருக்குப் பிள்ளை” என்றார். நான் ஃபோனில் ‘உறுதியான ஆதரவு’ என்று பதிந்தேன். தமிழ் வீடு, பிறகென்ன.

தேத்தண்ணி குடித்துவிட்டு எழும்பும்போதுதான் குளிர்பெட்டிக் கதவில் மற்றக் கட்சி வேட்பாளரின் சிரித்த முகத்தைக் கண்டேன். ஐயாவின் மனைவி, அந்த அன்ரி, என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டா. வாசல்வரை வந்து, அவருக்குக் கேட்காத மாதிரிச் சொன்னா: “இவர் வீடு தேடி வந்த ஆருக்கும் இல்லையெண்டு சொல்லமாட்டார், பிள்ளை. போன கிழமை அவங்களுக்கும் ஓம் எண்டுதான் சொன்னவர். அண்டைக்குத் தேத்தண்ணியோட ரோல்ஸும் இருந்தது.”

கொடி தொங்கிய ஜன்னல்

என்னோடு சோடியாகக் கதவு தட்டுகிறவன் கோஃபி. கானாக்காரப் பெற்றோரின் பிள்ளை, என் வகுப்பு. தெருமுனையில் ஒரு வீட்டு மேல்ஜன்னலில் இங்கிலாந்துக் கொடி தொங்கியது. உள்ளே வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி நடமாடுவது தெரிந்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்தக் கொடி கட்டுகிறவர்களுக்கு எங்கள் நிறத்து ஆட்களைப் பிடிக்காது என்று முடிவெடுத்து, அந்த வீட்டுப் படலையைக் கடந்து போனோம். அந்தப் பார்வையைப் பார்த்திருந்தால் ஹானா எனக்கு வகுப்பெடுத்திருக்கலாம்.

கொஞ்சத் தூரம் போவதற்குள் பின்னால் செருப்புச் சத்தம். கிழவி வீட்டுச் செருப்போடு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தா. கொடி, ஃபுட்போல் நடந்தபோது பேரன் கட்டியதாம். கழற்ற அவவுக்கு முழங்கால் விடாதாம். வாக்குப் போடத் தொடங்கின நாளிலிருந்து எங்கள் கட்சிக்குத்தானாம். கோஃபி திரும்பிப் போய் மேலே ஏறிக் கொடியைக் கழற்றி, நாலாக மடித்துக் கையில் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டு அவ கேட்டா: “இனி என்னுடைய கதவையும் தட்டுவீர்கள்தானே?”

சந்தியில்

இவ்வளவுக்கும் பிறகாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ரயில் ஸ்டேஷன் சந்தியில் சிவநேசன் அங்கிள் மற்றக் கட்சிக்காரரோடு நின்று துண்டுப்பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னுடைய சாமத்தியச் சடங்குக்கு மேடை கட்டியவர். அகதியாக வந்தவர். அவர் எப்படி அந்தப் பக்கம் நிற்கலாம்?

“அகதியளை வரவிடாதை எண்டு சொல்லுற கட்சிக்கா அங்கிள் நோட்டீஸ் குடுக்கிறீங்கள்?” என்றேன்.

“எனக்குச் சில காரணம் இருக்கு, பிள்ளை. வாரும், ஒரு தேத்தண்ணி குடிச்சுக் கதைப்பம்” என்றார்.

நான் கதைக்கவில்லை. அந்தச் சொல்லைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மீதித் தாள்களைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்தார். சட்டையில் குத்தியிருந்த கட்சிச் சின்னத்தைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். ரோட்டைக் கடந்து போய்விட்டார். கோஃபி அது என்ன சொல் என்று கேட்டான். ஆங்கிலத்தில் சொன்னேன். ஆங்கிலத்தில் அது வெறும் சொல்லாகத்தான் இருந்தது.

வீட்டில் அப்பாவிடம், வென்றுவிட்டு வந்தவள் மாதிரித்தான் இதைச் சொன்னேன். அவர் டிவியை நிறுத்தினார். “ஊரில சண்டை நேரம் இயக்கக்காரர் அவற்ற தமையனை அந்தச் சொல்லைச் சொல்லித்தான் வீட்டிலயிருந்து கூட்டிக்கொண்டு போனவங்கள். ஆள் திரும்பி வரேல்லை. உனக்கு ஆர் அதைப் பழக்கினது?”

பலூன் கடை

மறுநாள் அவருடைய கடைக்குப் போனேன். யாருக்கோ பிறந்தநாள். ரோஸ் நிறப் பலூன்களுக்கு நடுவில் நின்று ஒவ்வொன்றாக ஊதிக் கட்டிக்கொண்டிருந்தார். வழி நெடுகத் தயார்படுத்திக்கொண்டு போன பேச்செல்லாம் வாசலிலேயே விழுந்துவிட்டது. “அங்கிள், நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. எனக்குத் தெரியாது” என்று மட்டும் சொன்னேன். அவர் நாடாவின் ஒரு நுனியை என் கையில் தந்தார். பிடித்துக்கொண்டு நின்றேன். நிறத்தைப் பார்த்து வாக்கை ஊகிக்காதே என்று ஹானாவுக்கு அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தவள், அதே நிறத்தைப் பார்த்துத்தான் இந்த மனிதரின் வாக்கு எனக்குச் சொந்தமென்று நினைத்திருக்கிறேன்.

கடைசிப் பலூனையும் கட்டி முடித்துவிட்டு அவர் சொன்னார்:

“அங்க அந்தச் சொல்லு வீட்டுக்குள்ள வந்தவுடன நான் லண்டனுக்கு ஓடி வந்தனான். இப்ப அது லண்டனுக்கும் வந்திட்டுது. இனி நான் எங்க ஓடுறது, பிள்ளை?”