மிங்கலாடோன் குதிரையும் ஒரு மாவீரனும்

எங்கள் தமிழ்ச் சங்கத்து ஆண்டு விழாவுக்கு நாடகம் எழுதித் தருகிறேன் என்று நானாகப் போய்த்தான் வாயைக் கொடுத்தேன். அப்போது எனக்கு முப்பது வயது தாண்டியிருந்தது. பர்மாவில், பபேடான் பகுதியில் தாய்மாமாவின் துணிக்கடையில் வேலை. காலையிலிருந்து துணியை உதறிக் காட்டுவதும், வாங்காமல் போனவர்களுக்காக அதைத் திரும்ப மடித்து வைப்பதும்தான் தொழில். இப்படிப்பட்டவனுக்குத் தான் ஒரு மாவீரன் என்ற நினைப்பு உள்ளே ஊறிக் கிடந்தால், அதை வேறு எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

கதை பழைய ராஜாக்கள் காலத்துக் கதை. ஓர் ஆறு. இக்கரையில் ஒரு நாடு, அக்கரையில் மலைநாடு. இரண்டுக்கும் தலைமுறைப் பகை. இக்கரை அரசனின் குதிரை வீரன், மலைநாட்டுத் தலைவனின் மகளைப் பணயமாகப் பிடித்து வரப் போகிறான். போன இடத்தில் அவள்மேல் காதல் வந்துவிடுகிறது. அரசனுக்குக் கொடுத்த வாக்கா, அவளா? யார் பக்கம் சாய்த்து எழுதினாலும் பார்ப்பவர்களில் ஒருவருக்காவது மனத்தாங்கல் வரும் என்று பயந்து, கடைசிக் காட்சியில் வீரனையே சாகடித்துவிட்டேன். ஆனால் சும்மா சாகமாட்டான். குத்துப்பட்டுக் கீழே கிடந்தபடி மூச்சு விடாமல் அடுக்குமொழியில் பேசிவிட்டுத்தான் சாவான். அந்த வேடம் எனக்கு என்று எழுதும்போதே முடிவு செய்திருந்தேன். அரசன் வேடம், சங்கத் தலைவர் என்ற முறையில், மாமாவுக்கு.

பசுந்தாங் பகுதியில் தகரப் பட்டறை வைத்திருந்த சங்கத்து அண்ணன் ஒருவர், எண்ணெய் டின்களை வெட்டி நிமிர்த்தி எனக்கு மார்க்கவசம் செய்து கொடுத்தார். "குனியாதீங்க தம்பி, வயித்துல குத்தும்" என்றார். வீரன் எதற்குக் குனிய வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். குதிரைக்கு வழி சொன்னவரும் அவர்தான். ஊர்க்கோடியில் மிங்கலாடோனில் நம்ம ஆள் ஒருவர் குதிரை வாடகைக்கு விடுகிறார் என்றார்.

போய்ப் பார்த்தேன். பர்மியர்கள் தங்கள் பையன்களைத் துறவுச் சடங்குக்கு அழைத்துப் போகும்போது இளவரசன் மாதிரி அலங்கரித்துக் குதிரையில் ஊர்வலம் விடுவார்கள் அல்லவா, அதற்கு விடுகிற குதிரைகள் அவை. குதிரைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று விசாரித்தார். சொன்னேன். குதிரையின் பிடரியைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"ஒங்க மாமா அனுப்பிச்சாரா?"

"இல்லீங்க. நானாத்தான் வந்தேன்."

"அப்ப சரி. எடுத்துக்க. மக சொல்லிக் குடுப்பா."

கதையைப் பிறகு அந்தத் தகரப் பட்டறை அண்ணன் சொன்னார். குதிரைக்காரரும் மாமாவும் ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். குதிரைக்காரர் ஒரு பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். சங்கத்து ஆட்கள் முகம் சுளித்தார்கள். மாமா கல்யாணத்துக்குப் போகவில்லை. அன்றோடு பேச்சு அறுந்தது. ஆறு, மலைநாடு என்று நான் கற்பனையில் தேடி அலைந்த பகையெல்லாம் மிங்கலாடோன் பஸ் போகிற தூரத்தில்தான் இருந்திருக்கிறது. எழுத்தாளனுக்கு அது தெரியவில்லை.

மகளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் பாதியில் பர்மிய மொழிக்குப் போய்விடுவாள். குதிரைக்கு அந்தப் பாதியும் கிடையாது. நான் கம்பீரமாக "நில்!" என்றேன். அது நடந்தது. "செல்!" என்றேன். நின்று சாணி போட்டது. அவள் வேலியில் சாய்ந்துகொண்டு, "ஆக்கோ, அதுக்குத் தமிழ் வராது" என்றாள். ஆக்கோ என்றால் பர்மிய மொழியில் அண்ணன். அந்தச் சொல் அன்றைக்கு மனசில் கொஞ்சம் உறுத்தியபோதுதான் எனக்கு வந்திருப்பது இன்ன வியாதி என்று தெரிந்தது.

மலைநாட்டு இளவரசியாக நடிக்க ஒப்புக்கொண்டிருந்த பெண்ணின் வீட்டார், வீரன் அவள் கையைப் பிடிப்பான் என்று கேள்விப்பட்டு மறுத்துவிட்டார்கள். தேவைக்கு மேலேயே பல காட்சிகளில் பிடிக்கும்படி எழுதியிருந்தேன் என்பது உண்மைதான். மாமாவிடம் போய் நின்றேன்.

"மிங்கலாடோன்ல ஒரு பொண்ணு இருக்கு மாமா."

"யார் வீட்டுப் பொண்ணு?"

சொன்னேன். மாமா கையிலிருந்த துணியை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார்.

"தமிழ் பேசுமா?"

"பர்மா எழுத்துல வசனத்த எழுதிக் குடுத்துட்டா படிச்சிரும்."

"அவன் அனுப்புவானா?"

"கேட்டாச்சு மாமா. சரின்னுட்டாரு."

"அங்க கேட்டுட்டுத்தான் இங்க வர்ற. நல்ல விசுவாசம்டா ஒனக்கு" என்றவர், வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

ஒத்திகை முடிந்து ஒருநாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது அவள் பர்மிய மொழியில் கேட்டாள், "இந்த ஆள் ஏன் சாகிறான்?"

இரண்டு பக்கமும் விசுவாசம், நடுவில் காதல், தியாகம் என்று விளக்கினேன். என் பர்மிய மொழியில் அது மருந்துக்கடைச் சீட்டு மாதிரி ஒலித்தது.

"செத்தால் அந்தப் பெண் தனியாகத்தானே வீட்டுக்குப் போக வேண்டும்? அரசனிடம் போய் நேராகப் பேசினால் என்ன? பயமா?"

டீயைக் குடித்தேன்.

விழா அன்று சாயங்காலம் கோயில் மண்டபத்து முற்றத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. வாசல் பக்கமிருந்து நான் குதிரையில் பாய்ந்து வர வேண்டும். குதிரைக்காரர் வெளியிலேயே கடிவாளத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, உள்ளே வராமல் மதிலோரம் நின்றுகொண்டார். போர் முரசு என்று எங்கள் ஆட்கள் மேளத்தை அடித்தார்கள். அவ்வளவுதான். ஊர்வலத்துக்குப் பழகிய குதிரை, மேளச் சத்தம் கேட்டால் என்ன செய்யப் பழகியிருந்ததோ அதைச் செய்தது. முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடத் தொடங்கியது. பகைவர் நாட்டின்மேல் படையெடுத்துப் போன மாவீரன், வாளை உயர்த்தியபடி, தகரம் கடகடவென்று அடிக்க, துள்ளித் துள்ளி ஆடிக்கொண்டு வந்தான். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். குதிரை அதற்கும் சேர்த்து ஆடியது.

அதையும் தாண்டிக் கடைசிக் காட்சிக்கு வந்துவிட்டேன். குத்துப்பட்டு விழுந்தேன். அடுக்குமொழியை ஆரம்பித்தேன். முன்வரிசைப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். பின்னால் இருந்த இளவட்டங்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பேசப்பேச, பக்கத்தில் அழ வேண்டிய இளவரசி அழவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பர்மிய மொழியில், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, "இதற்கெல்லாமா சாவார்கள்? எழுந்திரு. அரசரிடம் நான் பேசுகிறேன்" என்றாள்.

பின்வரிசை ஓவென்று கத்தியது. போன்கள் எல்லாம் என் பக்கம் திரும்பின. சிம்மாசனத்தில் இருந்த மாமா விறைத்துப்போனார். எனக்கு எழுந்துவிட வேண்டும் என்று அப்போது உண்மையாகவே தோன்றியது. வாழ்க்கையில் எனக்கு வந்த ஒரே வீரம் அதுதான். ஆனால் எழ முடியவில்லை. குனிந்தால் தகரம் வயிற்றில் குத்தியது, புரண்டால் தோளில் வெட்டியது. மல்லாந்த ஆமை மாதிரி கையையும் காலையும் ஆட்டினேன்.

அவள் என் ஒரு கையைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. மாமா எழுந்தார். திட்டப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கிரீடத்தைக் கழற்றி ஆசனத்தில் வைத்துவிட்டு இறங்கி வந்து என் மறு கையைப் பிடித்தார். அவளிடம் பர்மிய மொழியிலேயே, "அழுத்திப் பிடி அம்மா, பயல் கனம்" என்றார். இருவரும் சேர்ந்து இழுத்து என்னை நிற்க வைத்தார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. பாதி அடுக்குமொழி பேசப்படாமலே போனது. யாரும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.

மாமா மைக்கைப் பிடித்து, குதிரை கொடுத்து உதவியவருக்கு நன்றி என்றார். நிறுத்தினார். பிறகு மதில் பக்கம் பார்த்து, "அவரு என் சிநேகிதர்தான். வெளிய நிக்கிறாரு. யாராச்சும் உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார். யாரும் போவதற்கு முன்னால் அவரே மைக்கை வைத்துவிட்டுப் போனார். மதிலோரத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. என் கவசத்தைக் கத்தரியால் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கல்யாணப் பேச்சையாவது நான் எடுத்தேனா என்றால், இல்லை. பல மாதம் டீக்கடையில் உட்கார்ந்து வானிலையைப் பற்றியே பேசியதில் அவளுக்குச் சலித்துப்போய், ஒருநாள் தட்டுத் தடுமாறி அவளே தமிழில் கேட்டாள். நான் பதறிப்போய், ஆமாம் ஆமாம் என்பதைப் பர்மிய மொழியில் "ஹொக்கே, ஹொக்கே" என்றேன். தன்னிடம் சொல்கிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் இன்னும் ரெண்டு டீ கொண்டு வந்து வைத்துவிட்டார்.

இப்போது அவளும் கடைக்கு வருகிறாள். வாடிக்கையாளரிடம் என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறாள் என்பது மாமாவின் கருத்து. எந்தச் சரக்கு எடுப்பது என்று அவளைத்தான் கேட்கிறார். மேல்தட்டிலிருந்து துணிக்கட்டை இறக்க வேண்டுமானால் மட்டும் இருவரும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.