பம்பளிமாஸை விடாத அப்பா

டாக்டர் அறையில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். "மாத்திரையத் தூக்கிப் போடுங்க மச்சான்" என்று சொல்லிக்கொண்டே இருந்த தாய்மாமா மட்டும் வரவில்லை.

அய்யலூர் சந்தையில் ஆடு விற்கும் அப்பா, கொழுப்புக்கு மாத்திரை தொடங்கியதும் கறியை விட்டார். பம்பளிமாஸ் கொழுப்பைக் கரைக்கும் என்று சந்தையில் சொன்னார்கள். எங்கள் கிணற்றடி மரத்துப் பழத்தைத் தினமும் தின்றார். கொஞ்ச நாளில் தொடைவலி வந்து, உட்கார்ந்தால் எழ முடியவில்லை. "பழத்தப் பத்தி அங்க வாயத் தெறக்காத" என்று எனக்கு உத்தரவு.

திறந்தேன். சொல்லாவிட்டால் பிறகு எதற்குப் படித்தேன்?

"அந்தப் பழத்தால மருந்து உடம்புல அளவுக்கு மேல சேருது. அதான் வலி. பழத்த விட்டுருங்க" என்றார் டாக்டர்.

"கறிய விட்டேன். எம் மரத்துப் பழத்தையும் விடணுமா? மாத்திரைய மாத்துங்க சார்."

"டாக்டருக்கே வைத்தியம் சொல்றீகளா?" என்று அம்மா பதறினாள்.

"அப்பா கேக்குறது நியாயம்தானே சார்? வேற மாத்திரை இல்லையா?" என்றேன்.

டாக்டர் சிரித்துவிட்டார். ரத்தம் பார்த்து, வலி தீரும்வரை மருந்தை நிறுத்தி, பிறகு பழத்தோடு ஒத்துப்போகும் வேறு மாத்திரை எழுதினார். வலி தீர்ந்து அப்பா மறுபடி சந்தைக்கு நடந்தார். டாக்டர் ஃபீஸ், ரத்தப் பரிசோதனை, புது மாத்திரை எல்லாம் சேர்த்து எழுநூற்று நாற்பது ரூபாய் ஆனது.