இரண்டு முறை அமுக்கினால்

பேய், பிசாசு, ஆவி எல்லாம் எனக்குப் பிழைப்பு, நம்பிக்கை இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷமாக சினிமாவுக்கும் வெப் சீரிஸுக்கும் மனுஷ முகத்தில் சிலிகான் ஒட்டி மிருகமாக்குவதுதான் என் வேலை. பாதி மான் பாதி பெண், செதில் வளர்ந்த ராஜா, கழுகு மூக்குக் கிழவன், இவர்கள் எல்லாம் என் கையால் ஆனவர்கள். யாராவது பேய்ப் படம் போட்டால் எனக்குப் பயம் வராது, எந்த இடத்தில் ஒட்டு தெரிகிறது என்றுதான் கண் போகும். எங்கள் கீழ்பென்னாத்தூரில் யாருக்காவது சாமி வந்து ஆடினால்கூட ஓரமாக நின்று கொட்டாவி விடுகிற ஆள் நான். அதனால் நீங்கள் இதை நம்பாவிட்டால் எனக்கு வருத்தமே இல்லை, உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் நம்பமாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த மாதிரிக் கதை என்றாலே அமாவாசை, நடுராத்திரி, நாய் ஊளை என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு நடந்தது காலை பத்தரை மணிக்கு, வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸுக்குப் பின்னால் புதிதாகக் கட்டின ஒரு மாடி வீட்டில். ஜன்னல் வழியாக மலை பளிச்சென்று தெரிந்தது. பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சீரிஸுக்கு யாளி மனிதன் வேண்டும் என்றார்கள். கோயில் தூணில் பார்த்திருப்பீர்களே, சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கின கண். அது மனுஷன் மாதிரி நடக்கவும் வேண்டும், பாயவும் வேண்டும். அதற்கு ஆள் தேடினபோது கிடைத்தவர்தான் ஏழுமலை அண்ணன். அடி அண்ணாமலைக்காரர், கிரிவலப் பாதையில் ஆட்டோ ஓட்டுபவர், நாற்பது தாண்டியிருக்கும். பனைமர உயரம், ஒல்லி உடம்பு. முதுகை வளைத்து நாலு காலில் நடந்து காட்டினார், டைரக்டர் அங்கேயே சரி என்றுவிட்டார். அவருக்கு வலது கை சுண்டுவிரல் மட்டும் மடங்காது. எப்போதோ ஆட்டோ கவிழ்ந்து எலும்பு தப்பாகக் கூடிவிட்டதாம். டீ கிளாஸைப் பிடித்தாலும் அது தனியாக நீட்டிக்கொண்டு நிற்கும். யாளிக்கு ஒரு நகம் கம்மி என்று கேலி செய்வேன், அவரும் சிரிப்பார்.

முகமூடி செய்வதற்கு முன்னால் முகத்தை அச்சு எடுக்க வேண்டும். பல் டாக்டர்கள் பல்லை அச்சு எடுக்க ஒரு ரோஸ் நிற மாவு வைத்திருப்பார்கள், அதைக் கரைத்து கண், வாய் எல்லாம் மூடுகிற மாதிரி முகம் முழுக்கப் பூசி, மேலே பிளாஸ்டர் துணி போடுவோம். மூக்கில் இரண்டு ஓட்டை மட்டும் திறந்திருக்கும். அந்த இருபது நிமிஷமும் உள்ளே இருப்பவருக்குக் கண் தெரியாது, பேச முடியாது, காது மட்டும் மந்தமாகக் கேட்கும். அதனால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பூசி முடித்ததும் அவர் கையைப் பிடித்துக்கொள்வோம். ஒரு முறை அமுக்கினால் நன்றாக இருக்கிறேன் என்று அர்த்தம். இரண்டு முறை அமுக்கினால் எடுத்துவிடு என்று அர்த்தம். இரண்டு முறை அமுக்கிவிட்டால் பிறகு பேச்சே கிடையாது, வேலை வீணானாலும் பிய்த்து எடுத்துவிட வேண்டும். நான் நாலு இடத்தில் வகுப்பு எடுத்திருக்கிறேன், முதல் நாள் முதல் பாடம் இதுதான்.

ஏழுமலை அண்ணன் பன்னிரண்டாவது நிமிஷத்தில் இரண்டு முறை அமுக்கினார்.

நான் எடுக்கவில்லை. டப்பாவில் இருந்த மாவு அதோடு தீர்ந்துவிட்டது, மும்பையிலிருந்து அடுத்த டப்பா வர ஒரு வாரம் ஆகும், மேனேஜர் தினமும் போன் போட்டு உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். மூக்கு ஓட்டைக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பார்த்தேன், மூச்சு நன்றாகவே வந்தது. பயத்தில் அமுக்குகிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, அவர் காதோரம் குனிந்து, "இன்னும் ரெண்டே நிமிஷம்ணா, முடிஞ்சிடுச்சு" என்றேன். எட்டு நிமிஷம் பாக்கி இருந்தது. மறுபடியும் இரண்டு முறை அமுக்கினார். மறுபடியும் அதையே சொன்னேன். இப்படி நாலு தடவை. அதற்குப் பிறகு அவர் அமுக்கவில்லை, என் இடது கையைச் சும்மா பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அந்த அறையில் எங்கள் இரண்டு பேரைத் தவிர ஆள் கிடையாது. இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்சைக் கழற்றினதும் முகமெல்லாம் வேர்வையோடு சிரித்தார். "ஒண்ணுமில்லம்மா, நெஞ்ச அடைக்கறா மாதிரி இருந்துச்சு. இப்ப சரியாப்போச்சு" என்றார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அச்சுக்குள் பிளாஸ்டர் ஊற்றி அவர் முகத்தை எடுத்தபோது புருவத்துக்கு நடுவில் இரண்டு மடிப்பு ஆழமாக விழுந்திருந்தது. வழக்கமாக அச்சு முகம் தூங்குகிற முகம் மாதிரி தளர்ந்திருக்கும். இது அப்படி இல்லை. இதைச் சொல்ல எனக்கே நாக்கு கூசுகிறது, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். யாளிக்குக் கோபம் தானாகவே வந்துவிட்டது என்று அந்த மடிப்பின் மேலேயே களிமண்ணை வைத்து முகத்தைச் செதுக்கினேன்.

ஒன்பதாம் நாள் ஏழுமலை அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். மாரடைப்பு. நான் சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், அவர் மனைவி காஞ்சனா அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமல் திரும்பி வந்துவிட்டேன். மறுநாளே மேனேஜர் போன் செய்தார். வேறு ஆள் சென்னையிலிருந்து வருகிறான், தேதியை மாற்ற முடியாது, இருக்கிற முகமூடியையே ஒட்டிவிடுங்கள் என்றார். அது தப்பு. முகமூடிக்கு வெளிப்பக்கம்தான் யாளி, உள்பக்கம் அச்சு கொடுத்தவரின் முகம், மூக்கு மேடு, கன்னக் குழி, தழும்பு எல்லாம் அப்படியே பதிந்திருக்கும். இன்னொருவருக்கு அதை ஒட்டினால் உட்காராது. முடியாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சரி என்றேன்.

வந்தவன் பெயர் பிரகாஷ். ஸ்டண்ட் பையன், இருபத்தாறு வயது, என்னைவிடப் பத்து வயது சின்னவன், மேடம் மேடம் என்று மரியாதையாகப் பேசினான். காலை ஆறு மணிக்கு உட்கார வைத்தேன். வண்ணம் காய நேரம் வேண்டும் என்று நகம் வைத்த கையுறைகளை முதலிலேயே இரண்டு கையிலும் மாட்டி ஒட்டிவிட்டேன். விரல் தடிமனுக்கு ரப்பர், உள்ளே இருந்து ஒரு பேனாவைக்கூடப் பிடிக்க முடியாது. அதனால் கையை அமுக்குகிற வழக்கம் நடக்காது, ஏதாவது கஷ்டமாக இருந்தால் காலைத் தூக்கு என்று சொல்லி வைத்தேன். முகமூடி நான் நினைத்த மாதிரியே கன்னத்தில் உட்காரவில்லை. வழக்கமான பசை பிடிக்கவில்லை என்று வேறு ஒரு பசையை எடுத்தேன். புதுப் பசையை முதல் நாளே காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு தடவி, தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் செய்யவில்லை. தப்பு மேல் தப்பு, எல்லாம் தெரிந்தே செய்தது.

பத்தரை மணிக்குத் தாடை, கண், துதிக்கை எல்லாம் ஒட்டி முடிந்து, வலது கையில் பிரஷ்ஷோடு ஓரங்களைப் பூசிக்கொண்டிருந்தேன். பிரகாஷ் ஆடாமல் அசையாமல் இருந்தான், தூங்குகிறான் என்று நினைத்தேன், நாற்காலியில் மணிக்கணக்காக உட்காருபவர்கள் தூங்கிவிடுவார்கள். என் இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கையை யாரோ பிடித்து இரண்டு முறை அமுக்கினார்கள்.

பழக்கம் பாருங்கள், "இருப்பா, முடிச்சிடறேன்" என்று வாயைத் திறக்கப் போய்விட்டேன். அப்புறம்தான் பிரகாஷின் கையைப் பார்த்தேன். நகம் வைத்த இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடி மேல் அப்படியே இருந்தன. மறுபடியும் இரண்டு முறை. வெறும் தோல், வேர்வை ஈரம், சூடு. மூன்று விரலும் கட்டை விரலும் என் கையைச் சுற்றி இறுகின, சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. குனிந்து பார்த்தேன். என் கை மட்டும்தான் தெரிந்தது, விரல்கள் அமுங்கி வெளுத்துப்போயிருந்தன.

கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. பிரஷ்ஷைப் போட்டுவிட்டு இரண்டு கையாலும் முகமூடியைப் பிய்த்தேன். பத்து நாள் வேலை, மாற்று கிடையாது, துதிக்கை கிழிந்து கையோடு வந்தது. உள்ளே பிரகாஷின் முகம் வீங்கி, உதடு நீலமாகி, தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. பசை ஒத்துக்கொள்ளாமல் தொண்டை அடைத்திருக்கிறது. கீழே காஸ்ட்யூம் தைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்து வேனில் தூக்கிப் போட்டார்கள். பிழைத்துக்கொண்டான். அடுத்த வாரமே சென்னையில் வேறு ஷூட்டிங்குக்குப் போய்விட்டான்.

இதுவரைக்கும் என்னால் காரணம் சொல்ல முடியும். மனசாட்சி உறுத்தல், தூக்கமில்லாத நாலு நாள், கண்ணும் கையும் செய்த கோளாறு என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் ஆஸ்பத்திரியில் பிரகாஷுக்குக் குரல் திரும்பினதும், மூச்சு முட்டினபோது ஏன்டா காலைத் தூக்கவில்லை என்று கேட்டேன். அவன் என்னை விநோதமாகப் பார்த்தான்.

"தூக்கத்தான் போனேன் மேடம். நீங்கதான் காதாண்ட வந்து சொன்னீங்களே, இன்னும் ரெண்டே நிமிஷம்ணா, முடிஞ்சிடுச்சுன்னு. நாலு வாட்டி சொன்னீங்க. நம்மளவிடப் பெரியவங்க, நம்மளப் போயி அண்ணான்றாங்களேன்னு நெனச்சேன்."

நான் அன்றைக்கு அவனிடம் அப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாக இல்லை.

அதற்குப் பிறகு பிளாஸ்டர் முகத்தை வீட்டில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. உடைக்கவும் கை வரவில்லை. துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துதான் போனேன். காஞ்சனா அக்கா பாதையோரம் சுக்கு காபிக் கடை வைத்திருக்கிறார். பௌர்ணமி இல்லாததால் ஆளில்லை. என்னை உட்கார வைத்தார். துண்டுப் பொட்டலத்தை மடியில் வைத்து இடது கையை அதன் அடியில் கொடுத்துப் பிடித்துக்கொண்டு, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அவரே பேசினார். அச்சு எடுத்த அன்றைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்து, அந்தப் பொண்ணு என்னை நல்லா பார்த்துக்கொண்டது என்று சொன்னாராம்.

"ஒண்ணு கேக்கணும் மேடம். அதுலேர்ந்து தூக்கத்துல என் கையப் புடிச்சி ரெண்டு ரெண்டு வாட்டி அமுக்குவாரு. கடசி நாளும் அமுக்கினாரு, நாலு தபா. ஆசையா புடிக்கிறாருன்னு நானும் ஒரு அமுக்கு அமுக்கிட்டுத் தூங்கிட்டேன். உங்க வேலையில கையப் புடிச்சித்தான் பேசிக்குவீங்கன்னு சொல்லியிருக்காரு. ரெண்டு வாட்டி அமுக்குனா இன்னா மேடம் அர்த்தம்?"

சொல்லுங்கள், நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள். பக்கத்தில் படுத்திருந்த அவர் கையைப் பிடித்து, எடுத்துவிடு, எடுத்துவிடு என்று அந்த மனுஷன் கேட்டிருக்கிறார் என்று அவரிடமே சொல்வதா.

"நல்லா இருக்கேன்னு அர்த்தம்கா" என்றேன்.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "அப்ப கஷ்டப்படாமதான் போயிருக்காரு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பொட்டலத்துக்கு அடியில் என் இடது கை இரண்டு முறை அமுங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுபடி இரண்டு முறை. நாலு தடவை எண்ணினேன். அதோடு நின்றுவிட்டது.

பிளாஸ்டர் முகத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டேன், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம், புருவத்தில் என்ன இப்படி மடிப்பு என்று ஒருமுறை போனில் கேட்டார். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். நான் இப்போது அச்சு எடுக்கிற வேலைக்கே போவதில்லை, விக் கட்டிக் கொடுக்கிறேன். அதையும் பெரும்பாலும் வலது கையால்தான் செய்கிறேன். இவ்வளவு நேரமாகப் பேசுகிறேனே, என் இடது கையை மடியிலிருந்து நான் எடுக்கவே இல்லை, கவனித்தீர்களா? அன்றைக்கு அமுக்குவதுதான் நின்றது. பிடித்த கையை அவர் இன்னும் விடவில்லை.