இரவல் விரல்

தையல்காரம்மாவின் வீட்டுக்காரர் பெயின்டர். வாயாடி என்றால் அப்படியொரு வாயாடி. சாரத்தில் நின்றுகொண்டே தெருவில் போகிறவர்களிடம் வம்பளப்பார். அந்தச் சாரம் ஒரு நாள் சரிந்தது. கழுத்து முறிந்து உயிர் மட்டும் தப்பியது, கைகால் விளங்கவில்லை. மூச்சு விடுவதற்காகத் தொண்டைக் குழியில் துளை போட்டு, வளைந்த சின்னக் குழாய் ஒன்றை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் அவளுக்கு அந்தக் குழாய்தான் முதல் வேலை, தையலெல்லாம் பிறகுதான். உள்குழாயைக் கழற்றி, கொதித்து ஆறிய தண்ணீரில் குட்டி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி மாட்டுவாள். சளி கட்டிக் கொரகொரத்தால் மெஷினை வைத்து உறிஞ்சுவாள். போகப்போகப் பழகிவிட்டது.

பேசுவதுதான் பெரும்பாடு. குழாயின் வாயை அடைத்தால்தான் காற்று மேலே ஏறிக் குரல் வரும். அதற்கென்று ஒரு மூடி உண்டு. அதைப் போட்டால் அவருக்கு மூச்சு முட்டியது. அவர் கையோ எழாது. ஆக, பேச வேண்டுமென்றால் அவள் விரல் வேண்டும். கண்ணாலேயே அவள் கையைக் காட்டுவார். அவள் ஆள்காட்டி விரலை வைப்பாள். ஒரு மூச்சுக்கு நாலு வார்த்தை. விரலை எடுத்தால்தான் அடுத்த மூச்சு.

"சாப்பாட்டுல உப்பே இல்ல" என்பார்.

"என் விரலையே இரவல் வாங்கி என்னையே குறை சொல்றீங்களா? நல்லாயிருக்கே கதை!" என்று விரலை எடுத்துவிடுவாள். அவர் சத்தமே இல்லாமல் முகமெல்லாம் சிரிப்பார்.

ஒரு பேச்சுக்கு மட்டும் இந்த விளையாட்டு கிடையாது. "தம்பி மேல தப்பு இல்ல..." என்று தொடங்கினாலே விரலை வெடுக்கென்று எடுத்துவிடுவாள். சாரம் கட்டியது அவர் தம்பி. அவன் போட்ட முடிச்சுதான் நழுவியது. அவள் வயிற்றெரிச்சல் அடங்கவே இல்லை. அடங்கு என்று யார்தான் சொல்ல முடியும்?

விபத்துக்குப் பிறகு முதல்முறையாக அந்தத் தம்பி வந்தான். ஆளே பாதியாகியிருந்தான். கட்டிலோரம் நின்று, "அண்ணே, வெளியூருக்கு வேலைக்குப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேன். உன் வாயால ஒரு வார்த்தை சொல்லிடு. திட்டினாலும் சரி" என்றான்.

அவர் அவள் கையைப் பார்த்தார்.

"தண்ணி கொதிக்குது" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. சமையலறைச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

"என்னண்ணே? புரியலையே... இன்னொரு தடவை சொல்லுண்ணே." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, அண்ணன் ஏதோ சொல்ல வர்றாரு. கொஞ்சம் வாங்களேன்."

"அவருக்கு அசதியா இருக்கும். நீ கிளம்பு."

அவன் படியிறங்கிப் போன பிறகு வெளியே வந்தாள். அவர் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியிருந்தது. துடைத்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. தெருமுனைவரை ஓடிப் பார்த்தாள், அவன் இல்லை. போன் போட்டாள், எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் அவள் கையைப் பார்ப்பதே இல்லை. காலையில் குழாயைக் கழுவி மாட்டியதும் கேட்காமலே அவள் விரலை வைக்கிறாள்.

"ஏதாச்சும் பேசுங்க. நான் செஞ்சது தப்புதான். என்னைத் திட்டவாவது செய்யுங்களேன்."

மூச்சு அவள் விரலில் வெதுவெதுப்பாக முட்டுகிறது. உதட்டு வழியே வெறும் காற்றாக வெளியேறுகிறது. இன்னும் கொஞ்சம் வைத்திருந்தால் பேசுவாரோ என்று இருக்கிறது அவளுக்கு. ஆனால் எடுத்தால்தான் அவருக்கு அடுத்த மூச்சு. எடுத்துவிடுகிறாள்.